வாடகையைத் தள்ளிவைத்தார்களா, தள்ளுபடி செய்தார்களா? டர்பன் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் வாடகைக் கடை நடத்தும் நம்மவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம், கிரே ஸ்ட்ரீட் என்று நாலா பக்கமும் ஆட்கள் உண்டு. (கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். ஆனால் சேலை வாங்கப் போகிறவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.) 2020-க்குப் பிறகு என் மேஜைக்கு வரும் கேள்விகளில் பாதி வரியைப் பற்றியவை அல்ல, வாடகையைப் பற்றியவை. திரும்பத் திரும்ப வருவதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிது என்றால் லீஸை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வியாபாரம் படுத்துவிட்டது. வாடகையைக் குறைக்கச் சொல்லிச் சட்டப்படி வற்புறுத்த முடியுமா?

கேட்கலாம், வற்புறுத்த முடியாது. வீட்டு வாடகைத் தகராறுக்கு ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. கடைக்கு அது கிடையாது. கடை வாடகையில் லீஸ்தான் சட்டம், அதற்குப் பின்னால் ரோமன்-டச்சுப் பொதுச் சட்டம்.

அந்தப் பொதுச் சட்டத்தில் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு. யார் கையிலும் இல்லாத ஒரு பெருநிகழ்வால் நீங்கள் இடத்தையே பயன்படுத்த முடியாமல் போனால், அந்த அளவுக்கு வாடகை குறைய வேண்டும். ஆனால் அச்சடித்த லீஸ்களில் பெரும்பாலும் 'எந்தக் காரணத்துக்காகவும் கழிக்காமல், பிடிக்காமல் முழு வாடகையும் செலுத்த வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி வந்தால் சாதகம் சுருங்கிவிடும்.

2020 மார்ச் 26 நள்ளிரவு கொரோனாவால் நாடு பூட்டப்பட்டபோது சேலைக் கடையும் சலூனும் உண்மையிலேயே மூடின. மளிகைக் கடை திறந்திருந்தது. சலூன்காரர்கள் ஜூன் பாதி தாண்டித்தான் கத்தரியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் 'இடத்தைப் பயன்படுத்தவே முடியவில்லை' என்று வாதாட முடிந்தது, சிலர் வாதாடவும் செய்தார்கள். ஜனங்கள் கையில் காசில்லை, கூட்டம் வரவில்லை என்பது அந்தக் கணக்கில் வராது. சட்டத்தின் பார்வையில் அது உங்கள் வியாபாரத்தின் நல்லது கெட்டது.

அப்படியானால் கட்டடக்காரர்கள் ஏன் இறங்கி வந்தார்கள்?

காலிக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2021-ன் மூன்றாம் காலாண்டில் நாட்டில் வேலையில்லாதோர் 34.9 சதவீதம். புதிதாகக் கடை போட யார் வருவார்கள்? நீங்கள் போனால் ஆறு மாதம் காலி, அப்புறம் வருகிறவருக்குப் பெயின்ட் அடித்து, இரண்டு மாதம் வாடகை விட்டுக்கொடுத்து உட்காரவைக்க வேண்டும். இந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். சலுகை கேட்கப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், கெஞ்சுகிற முகம் தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் அரசு போட்டிச் சட்டத்திலிருந்து சில்லறை வணிகக் கட்டடத் துறைக்கு விலக்கு கொடுத்தது. துணிக்கடை, செருப்புக்கடை, சலூன் போன்ற தனிநபர் சேவைகள், உணவகம் ஆகியவற்றின் வாடகைச் சலுகை பற்றிக் கட்டடக்காரர்கள் தங்களுக்குள் கலந்து பேச அது வழிவிட்டது. ஏப்ரலில் கட்டடத் துறை அமைப்புகள் சேர்ந்து ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவித்தன. அதில் கொஞ்சம் தள்ளுபடி, கொஞ்சம் வட்டியில்லாத தள்ளிவைப்பு. பழைய பாக்கி இருக்கக்கூடாது, ஆட்களை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று நிபந்தனைகளும் இருந்தன. மாலில் இருந்தவர்களுக்கு இது ஓரளவு கிடைத்தது. தெருமுனைக் கட்டடத்தில் இருந்தவர்களில் பலர் இப்படி ஒன்று இருந்ததையே என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

'இப்போ கவலைப்படாதே' என்றார் கட்டடக்காரர். அது தள்ளுபடிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சாட்ஸ்வர்த்தில் டேக்அவே வைத்திருக்கும் ஒரு தம்பி. பனி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு), சமோசா, வெள்ளிக்கிழமை பிரியாணி. வாடகை மாதம் 18,000 ராண்ட். 2020 ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பாதிதான் கட்ட முடிந்தது. கட்டடக்காரரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவார், இரண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் வந்த பழக்கம். "இப்போ அதைப் பத்திக் கவலைப்படாதே தம்பி, முதல்ல எழுந்து நில்லு" என்றார் அங்கிள். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரெல்லாம் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்.

2021 ஜூலையில் கலவரம் வந்தது. கடைக்குச் சேதம் இல்லை, ஆனால் இரண்டு வாரம் ரொட்டி கிடைக்கவில்லை, கேஸ் கிடைக்கவில்லை. அக்டோபரில் ஒரு ஸ்டேட்மென்ட் வந்தது. அதை என் மேஜைமேல் விரித்தார், எண்ணெய்க் கை பட்டு ஓரமெல்லாம் பளபளத்தது. பழைய பாக்கி 27,000. லீஸில் உள்ள விகிதப்படி வட்டி 3,400-க்கு மேல். வக்கீல் கடிதச் செலவு 1,150. அடியில் ஏழு நாள் கெடு.

அங்கிள் ஏமாற்றினாரா? நான் அப்படி நினைக்கவில்லை. 'இப்போ' என்று அவர் சொன்னது 'இப்போதைக்கு'. தம்பி காதில் விழுந்தது 'இனிமேல்'. இரண்டு பேரும் அவரவர் கேட்டதை நம்பிக்கொண்டு பதினாறு மாதம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

லீஸில் இதற்கென்றே ஒரு வரி உண்டு, தேடிப் பாருங்கள்: கட்டடக்காரர் காட்டும் எந்தச் சலுகையும் அவருடைய உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று. நான் பார்த்த லீஸ்களில் அந்த வரி இல்லாதது அபூர்வம். அது இருக்கும்போது இனிமையான பேச்சு எல்லாமே தள்ளிவைப்புதான். தள்ளுபடி என்றால் தொகையும் மாதமும் போட்டு 'இது இனிக் கேட்கப்படாது' என்று இருக்க வேண்டும். வாட் பதிவுள்ள கட்டடக்காரர் ஏற்கெனவே அந்த மாதத்துக்குப் பில் போட்டிருந்தால், குறைத்த தொகைக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்ததற்கான சீட்டு) தர வேண்டும். அது வரும்வரை அவருடைய கம்ப்யூட்டரில் நீங்கள் பாக்கிக்காரர்தான். 'கிரெடிட் நோட் எப்போ வரும் அங்கிள்?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தள்ளுபடியா தள்ளிவைப்பா என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும்.

தள்ளிவைப்பதே நல்ல உதவிதானே? ஏன் குறை சொல்கிறீர்கள்?

குறை இல்லை. அது கடன், கடன் என்று தெரிந்து வாங்கினால் சரி. கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்.

அதே 18,000 வாடகை. மூன்று மாதம் பாதி தள்ளிவைத்தால் 27,000. வட்டியே இல்லாமல் பன்னிரண்டு மாதத்தில் திருப்பிக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம், மாதம் 2,250. இதற்குள் லீஸ்படி வருடாந்தர ஏற்றம் வந்துவிடும். 8 சதவீதம் என்றால் வாடகை 19,440. இரண்டையும் கூட்டினால் மாதம் 21,690. மந்தத்துக்கு முன்பு கட்டியதைவிட 20 சதவீதம் அதிகம், வாட் தனி. விற்பனை பழைய அளவுக்கே இன்னும் வரவில்லை, வாடகை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. பலர் கடையை மூடியது பூட்டுக் காலத்தில் அல்ல, இந்த இரண்டாம் வருடத்தில்தான்.

அதனால் தள்ளிவைப்புக்குச் சம்மதிக்கும்போதே ஏற்றத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒரு வருட ஏற்றத்தை விட்டுக்கொடுத்தால் அந்த வருடம் மாதம் 1,440 மிச்சம். அதைவிட முக்கியம், அடுத்தடுத்த வருட ஏற்றங்களும் பழைய 18,000-இலிருந்துதான் தொடங்கும். ஒரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யத் தயங்குகிறவர்கூட இதற்குச் சுலபமாகத் தலையாட்டுவார். கையிலிருந்து காசு போவதுபோல் அவருக்குத் தோன்றாது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் அவர் எழுதியது இருக்கிறது. போதாதா?

நம்பியிருக்க வேண்டாம். இருவரும் எழுத்தில் கையெழுத்திட்டால் ஒழிய லீஸை மாற்ற முடியாது என்று ஒரு பிரிவு அநேகமாக எல்லா லீஸிலும் உண்டு. அந்தப் பிரிவு செல்லும் என்று 1964-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஷிஃப்ரன் வழக்கு என்பார்கள், வக்கீல்கள் இன்னும் அதே பெயரில்தான் அந்தப் பிரிவைக் குறிப்பிடுகிறார்கள்.

நமக்குத் தோதாக வந்தது 2014-ன் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் வழக்கு. மின்னஞ்சலில் பேசி, அடியில் அவரவர் பெயரைத் தட்டெழுதியிருந்தால், எழுத்து, கையெழுத்து இரண்டும் ஆயிற்று என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. ஆகவே, போனில் பேசியதை அன்றைக்கே நாலு வரி மின்னஞ்சலாக எழுதுங்கள். எந்த மாதம், எவ்வளவு, தள்ளுபடியா தள்ளிவைப்பா, வட்டி உண்டா இல்லையா. கடைசியில் உங்கள் பெயர். 'சம்மதம்' என்று எழுதித் தன் பெயரோடு அவர் பதில் போட வேண்டும். கட்டைவிரல் படம் அனுப்பினால் திருப்பிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அது உங்கள் பக்கம். வாடகைப் பாக்கி மூன்று வருடத்தில் காலாவதியாகும். நடுவில் 'சீக்கிரம் கட்டிவிடுகிறேன் அங்கிள்' என்று ஒரு வரி அனுப்பினால் கடனை ஒப்புக்கொண்டதாகி, அந்த மூன்று வருடம் அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். மரியாதைக்காக அனுப்பிய செய்தியால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மாலா, தனிக் கட்டடக்காரரா? யார் அதிகம் விட்டுக்கொடுப்பார்?

இதைக் கேட்காத ஆளே இல்லை, இதற்குக் கிடைக்கும் பதில்களும் ஆளுக்கு ஆள் வேறு.

மாலில் கடை வைத்திருப்பவர்களின் குறை, ஓரவஞ்சனை. பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு விலை, பக்கத்திலுள்ள மசாலாக் கடைக்கு அதைப்போல் பல மடங்கு. மந்தம் வந்தாலும் முதல் சலுகை அந்தப் பக்கம்தான் போகும் என்பார்கள். இது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை. போட்டி ஆணையம் மளிகைச் சில்லறை வணிகத்தை விசாரித்து 2019 நவம்பரில் கொடுத்த அறிக்கையே பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கிடைக்கும் வாடகைச் சாதகத்தைப் பற்றிப் பேசியது. அதே மாலில் வேறு மளிகைக்காரர் வராமல் தடுக்கும் பிரத்தியேக லீஸ்களை விட்டொழிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் மாலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முடிவு ஜோகன்னஸ்பர்கில் எங்கோ ஒரு கமிட்டியில் ஆகும், ஆறு வாரம் ஆகும், மேனேஜரைப் பிடிக்க முடியாது. வந்தால் காகிதத்தில் வரும். கிரெடிட் நோட்டோடு வரும்.

தனிக் கட்டடக்காரர் நேர்மாறு. டீ ஆறுவதற்குள் முடிவு சொல்லிவிடுவார். மனசுக்காரர், கடையின் கஷ்டத்தைக் கண்ணால் பார்க்கிறவர். நம்மில் பலர் அந்த வீட்டோடு இரண்டு மூன்று தலைமுறையாகப் பழகியவர்கள். கிரே ஸ்ட்ரீட்டில் பாட்டனார் காலத்து வாடகைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இனவாரியாக இடம் பிரித்த 1950-ன் குழுப்பகுதிச் சட்டம் எங்கே கடை வைக்கலாம், எங்கே கூடாது என்று துரத்திய காலத்தில் ஒரே தெருவில் ஒட்டிக்கொண்டு பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இரண்டு பக்கமும். அந்த உறவால்தான் காகிதம் கேட்க வாய் வராது. 'அவர்கிட்டே போய் எழுதிக் குடுங்கன்னு கேட்பேனா அண்ணே?' என்பார்கள்.

சரி, பெரியவர் வாக்கு மாறமாட்டார். ஆனால் பெரியவர் காலமாகி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் சாண்டனில் இருக்கும் மகன் கோப்பைத் திறக்கிறார். அங்கே லீஸ் இருக்கிறது, ஸ்டேட்மென்ட் இருக்கிறது. டீக்கடைப் பேச்சு இல்லை. இப்படி எனக்குத் தெரிந்தே மூன்று கடைகளில் நடந்தது. மகன்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் பார்த்தது அந்தக் கோப்பை மட்டும்தானே. கட்டடம் விற்றாலும் இதே கதைதான். புது உரிமையாளர் உங்கள் லீஸை மதித்தே ஆக வேண்டும், விற்பனையால் லீஸ் முறியாது என்பது இந்த நாட்டின் பழைய விதி. வாய்ப்பேச்சைச் சுமந்துகொண்டு அவர் வரமாட்டார்.

மற்ற கடைக்காரர்கள் தங்கள் கட்டடக்காரரைப் பற்றி என்னதான் சொல்கிறார்கள்?

முதலில் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முடியாது என்று நேராகச் சொன்னவர்மேல் அவ்வளவு கோபம் இல்லை. டொங்காட்டில் தையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா, முதல் மாதமே 'ஒரு சென்ட் குறைக்க மாட்டேன்' என்ற பதில் வந்ததும், மெஷின்களைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு கராஜுக்குப் போய்விட்டார். இன்றும் அங்கேதான் ரவிக்கை தைக்கிறார். "நல்ல மனுஷன், அன்னைக்கே சொல்லிட்டார்" என்கிறார் அந்தக் கட்டடக்காரரை!

ஆத்திரமெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லி மூன்று மாதம் இழுத்தவர்மேலும், கொடுப்பதுபோல் கொடுத்துப் பின்னால் கேட்டவர்மேலும்தான். கடைக்காரருக்குத் தொகையைவிடத் தேதி முக்கியம். இந்த மாதம் தெரிந்தால் ஒரு ஆளைக் குறைக்கலாம், சரக்கைக் குறைக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தால் அதற்குள் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் போயிருக்கும்.

கட்டடக்காரருக்கும் கஷ்டம் இல்லையா?

உண்டு. மாநகராட்சி வரி நிற்காது, காவல்காரர் சம்பளம் நிற்காது. பாண்ட் கடன் (கட்டடத்தை அடமானம் வைத்து வாங்கியது) இருந்தால் அதுவும். ஆனால் 2020-ல் ஒன்றைக் கவனித்தவர்கள் கவனித்தார்கள். ஜனவரியில் 9.75 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகள் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைப்பது) ஜூலையில் 7-க்கு இறங்கியது. கட்டடக்காரரின் தவணை குறைந்தது, நம் வாடகை 8 சதவீதம் ஏறியது. இதை மெதுவாக எடுத்துச் சொன்ன ஒருவருக்கு ஏற்றம் நின்றது. 2023 மே மாதத்தில் பிரைம் 11.75-க்குப் போனபோது இதே வாதம் நமக்கு எதிராகத் திரும்பியது. மின்வெட்டு வேறு உச்சத்தில். ஜெனரேட்டர் டீசலை யார் தலையில் போடுவது என்பதே தனிச் சண்டை.

எதைக் கேட்டால் கிடைக்கும்?

விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் வாடகையைக் கேளுங்கள் என்பேன், ஒரு எச்சரிக்கையோடு. அடிப்படைத் தொகை ஒன்று, அதற்குமேல் விற்பனையில் ஒரு சதவீதம். இதில் காலண்டரைப் பார்த்துப் பேச வேண்டும். புரட்டாசியில் நம் வீடுகளில் கறி கிடையாது, சாட்ஸ்வர்த்தில் கோழிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை, சேலைக் கடை தூங்கும். அப்புறம் தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் வருடத்தின் பெரும் பங்கு விற்கும். கட்டடக்காரரின் ஏஜென்ட் அந்தத் தீபாவளி மாதத்தை வைத்து அடிப்படைத் தொகையைக் கட்டினால் நீங்கள் தொலைந்தீர்கள். பன்னிரண்டு மாதச் சராசரி என்று எழுதச் சொல்லுங்கள்.

இந்த வாடகைக்கு விற்பனைக் கணக்கைக் காட்ட வேண்டியிருக்கும். பெட்டியில் போகாத பணம் இருக்கிறவர்கள் தயங்குவார்கள். அது உங்களுக்கும் வரித்துறைக்கும் உள்ள விஷயம், நான் நடுவில் வரவில்லை.

டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

அவர் சம்மதித்தால் சரி. நீங்களாகக் கழிக்க முடியாது. சம்மதித்தாலும் நிலைமை தேறியதும் டெபாசிட்டை மறுபடி நிரப்பச் சொல்வார்.

பாக்கி வைத்ததற்காகக் கடையைப் பூட்டிவிட்டார். செய்யலாமா?

கோர்ட் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றக்கூடாது, நெருக்குவதற்காகக் கரன்ட்டை அணைக்கவும் கூடாது. எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி. உடனே கோர்ட்டுக்குப் போனால், யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன்பே, இருந்த நிலையைத் திருப்பிக் கொடு என்று உத்தரவு கிடைக்கும். இதில் தாமதம் கூடாது, அன்றைக்கே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

ஆனால் இதை வைத்து நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பாக்கிக்கு ஈடாகக் கடையிலுள்ள சாமான்கள்மேல் கட்டடக்காரருக்கு உரிமை உண்டு. கோர்ட் மூலம் வந்தால் ஃபிரிட்ஜையும் தராசையும் அடைத்துவைக்க முடியும். வீட்டிலிருந்து வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கடைக்குப் பொருந்தாது என்பதால் வழக்கும் வேகமாக நகரும்.

லீஸ் முடிய இரண்டு வருடம் இருக்கிறது. விட்டுவிட்டுப் போகலாமா?

லீஸ் யார் பெயரில் என்று முதலில் பாருங்கள். கம்பெனி பெயரில் இருந்து, கட்டடமும் கம்பெனி அல்லது டிரஸ்ட் பெயரில் இருந்தால், கட்டடக்காரர் மீதி மாதங்களுக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம். உங்கள் சொந்தப் பெயரிலேயே இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உதவக்கூடும். 20 வேலை நாள் எழுத்து மூலம் முன்னறிவிப்பு கொடுத்து லீஸை முடிக்கலாம். அதுவரையிலான வாடகையும் நியாயமான அளவு ரத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையில் இந்தப் பிரிவு வராது.

கம்பெனி பெயரில்தானே லீஸ், கம்பெனியை மூடிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தைப் படித்திருக்க மாட்டார்கள். அங்கே நீங்கள் ஷூரிட்டி (கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற ஜாமீன்) போட்டிருப்பீர்கள், அநேகமாக உங்கள் மனைவியும். கம்பெனி போனாலும் வீடு மாட்டும்.

கலவரம், வெள்ளம் மாதிரி வந்தால்?

கலவரச் சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் ஏற்காது. அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியாவின் பாதுகாப்பை உங்கள் பாலிசியோடு சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். 2021 ஜூலையில் இது தெரியாமல் நின்றவர்கள் நிறையப் பேர். கட்டடக்காரர் வாங்கியது கட்டடத்துக்கு, உங்கள் அலமாரிக்கும் சரக்குக்கும் அல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இசிப்பிங்கோ பக்கம் தண்ணீர் புகுந்த கடைகளிலும் இதே குழப்பம். இடம் உண்மையிலேயே பயன்படாமல் போனால் வாடகை நிற்குமா, கட்டடக்காரர் எத்தனை நாளுக்குள் மறுபடி கட்டுவதா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்பதற்கு லீஸில் பெரும்பாலும் தனிப் பிரிவு இருக்கும். மழை வருவதற்கு முன்பு படியுங்கள்.

லீஸைப் புதுப்பிக்கும் உரிமை இருக்கிறது. தள்ளிவைத்த பாக்கி அதைப் பாதிக்குமா?

பாதிக்கலாம். பாக்கி இல்லாதவருக்கே புதுப்பிக்கும் உரிமை என்று பல லீஸ்களில் எழுதியிருக்கும். தள்ளிவைத்தது பாக்கிக் கணக்கில் வராது என்று அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னறிவிப்புத் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எப்போது போய்க் கேட்பது?

ஒன்றாம் தேதிக்குப் பிறகு போனால் நீங்கள் பாக்கிக்காரர். இருபதாம் தேதிவாக்கில் போனால் பேச வந்தவர். தீபாவளிக்கு முந்திய மாதம் வேண்டாம், உங்கள் கடையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பார். போன வருடத்தின் இதே மூன்று மாத விற்பனை, இந்த வருடத்தினது, இரண்டையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தாள் போதும், ஃபைல் தூக்கிக்கொண்டு போனால் அவர் தன் அக்கவுன்டன்ட்டைக் கூப்பிடுவார்.

பேசி முடித்ததும் கார் பார்க்கிலேயே நின்று அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அனுப்புகிறேன் என்று சொன்னவர்களில் யாரும் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.